டில்சன் வீட்டுக் காரத் தொக்கு

அசா டில்சன் இறந்த வருஷத்திலிருந்து அவருடைய சதுப்பு வயலில் விளைந்த கிரான்பெர்ரி என்னும் புளிப்புப் பழம், சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. சட்டியில் பழம் கொதித்துச் சிவந்து நிற்கும்போது எவ்வளவு கொட்டினாலும் சரி, கரைவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, சற்று நேரத்தில் சர்க்கரை மணிமணியாக மேலே வந்து, விளிம்பில் ஏறி இறங்கி, அடுப்பு மேடையைக் கடந்து, சமையலறைக் கதவின் அடியிடுக்கு வழியாக வெளியே போய்விடும். பாதிரியார் வந்து பார்த்தார். வரிசை கலையாமல் போகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். கொள்முதல்காரர்களும் கவலைப்படவில்லை; வேறு வயல் பழத்தோடு கலந்துவிட்டால் அது வாயை மூடிக்கொண்டு இருந்தது. மாசசூசெட்ஸின் அந்த மூலையில், வயலுக்குத் தண்ணீர் கட்டி, பழத்தை மிதக்கவிட்டு வாரி எடுக்கிற மும்முரத்தில், இதை நின்று வேடிக்கை பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

கஷ்டமெல்லாம் அசாவின் விதவை இடலினாவுக்குத்தான். டில்சன் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்குச் சொந்த வயல் பழத்தில் தொக்கு வைக்கிறவர் யாரோ, அடுத்த விருந்துவரை வயலின் மதகுச் சாவி அவர் கையில். ஆனால் தொக்குக் கிண்ணம் மேஜையிலேயே காலியாக வேண்டும். மிச்சம் நின்றால் சாவி குடும்பத்தில் அடுத்தவர் கைக்குப் போகும். மதகு யாரிடமோ வயலும் அவரிடம்தான். குளிர் இறுகுவதற்கு முன் தண்ணீர் கட்டாவிட்டால் கொடி அத்தனையும் பனியில் கருகிப்போகும். அந்தச் சாவிக்காகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள் அசாவின் அக்கா ஹெப்ஸிபா. அவளுக்கு வயல் வேண்டாம், வயலுக்கு அடியில் கிடந்த மணல்தான் வேண்டும். மணல் அள்ளுகிறவன் ஒருவன் பக்கத்து ஊரில் அவள் வீட்டு வாசலிலேயே பழியாய்க் கிடந்தான்.

இடலினா, ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள கேப் வெர்டே தீவுகளிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் மகள். அதே வயலில் முழங்கால் தேய மண்டியிட்டுப் பழம் பறித்தவள். முதலாளி மகன் அவளைக் கட்டிக்கொண்டதை ஹெப்ஸிபா கடைசிவரை ஜீரணிக்கவில்லை. இடலினாவும் லேசுப்பட்டவள் இல்லை. நாத்தனார் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை அவள் கண்ணெதிரிலேயே ஈரத்துணி போட்டுத் துடைப்பாள். அசா இருந்தவரை இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் போன முதல் வருஷம் துக்கம் என்று விருந்தே வைக்கவில்லை. இரண்டாம் வருஷம் தப்ப வழியில்லை.

சர்க்கரை வேண்டாமென்று பழமே சொல்லிவிட்ட பிறகு அதனோடு மல்லுக்கட்டுவானேன் என்று இடலினா முடிவு செய்தாள். பழத்தைப் பலகைமேல் போட்டுத் துள்ளவிட்டு, துள்ளாததை அழுகல் என்று ஒதுக்கினாள். பன்றிக் கொழுப்பை உருக்கி, வெங்காயத்தைப் பொறுமையாகச் சிவக்க வதக்கி, பூண்டும் பிரிஞ்சி இலையும் இடித்த மிளகும் காய்ந்த மிளகாயும் போட்டு, உப்பும் வினிகரும் சேர்த்துப் பழத்தைக் கொட்டினாள். அது படபடவென்று வெடித்தது. வாசம் தெருமுனைவரை போயிற்று, அதைப் பிடித்துக்கொண்டே ஹெப்ஸிபா சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"அடிப்பாவி! பண்டிகையும் அதுவுமா இனிப்புத் தொக்குல வெங்காயமா? இதை மனுஷன் திம்பானா?"

"மனுஷங்க திம்பாங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாது."

"என் தம்பியை முழுங்கின. இப்ப எங்க பண்டிகையையும் முழுங்கப் பாக்குற."

"உங்க தம்பி நிம்மதியா சாப்பிட்டதே என் கையாலதான். சட்டியை விட்டுத் தள்ளி நில்லுங்க."

சர்க்கரை நடக்கிற கதையை ஹெப்ஸிபா நம்பவில்லை. கஞ்சத்தனத்தை மறைக்கத் தீவுக்காரி கட்டிவிட்ட புரளி என்றே நினைத்தாள். ஆகையால் இடலினா மேஜை விரிப்புப் போடப் போன சமயம் பார்த்து, கைப்பையில் கொண்டுவந்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தை மொத்தமாகச் சட்டியில் கவிழ்த்துக் கிளறிவிட்டாள். பாகும் பூண்டும் சேர்ந்தால் நாய்கூட முகராது என்பது அவள் கணக்கு.

விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள், இடலினா தோற்பதைப் பார்க்க வந்தவர்களாகவே இருந்தார்கள். தலைமாட்டில் பெரிய சித்தப்பா எபன், மதகுச் சாவியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெபம் முடிந்து வான்கோழியை அறுக்கும்போது சர்க்கரை, தொக்குக் கிண்ணத்தை விட்டு வெளியேறத் தொடங்கியது. அன்றைக்கு மட்டும் அது கதவுப் பக்கம் போகவில்லை. வான்கோழியைச் சுற்றிக்கொண்டு, உருளைக்கிழங்குக்கும் ரொட்டிக்கும் நடுவே நடந்து, மேஜை விளிம்பில் இறங்கி, ஹெப்ஸிபாவின் மடியில் போய்க் குவிந்தது. கடைசி மணி ஏறி முடிக்கும்வரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"ஹெப்ஸி, உன் சாமான் உன்னைத் தேடி வந்திருக்கு போல," என்றார் எபன்.

யாரும் சிரிக்கவில்லை. வான்கோழி வறண்டு கிடந்ததால் வேண்டாவெறுப்பாக ஆளுக்கு ஒரு கரண்டி தொக்கு எடுத்தார்கள், பிறகு இன்னொரு கரண்டி. கிண்ணம் சுற்றிவந்து ஹெப்ஸிபாவின் முன்னால் கால்வாசியோடு நின்றது. கை கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் போதும், சாவி அவளுடையது.  போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் இடலினா.

ஆனால் குறை சொல்லாமல் ஜெயிப்பது ஹெப்ஸிபாவுக்குப் பிடிக்கவில்லை.

"வெங்காயம் வெந்திருக்காது பாருங்க," என்று ஒரு கரண்டி வாயில் வைத்தாள். வெந்திருந்தது. உப்புக் கரிக்கும் என்று இன்னொன்று. கரிக்கவில்லை. காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. அதைக் குறை என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் புளிப்பு வந்து சமாதானம் செய்துவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேடினாள். அழுதுகொண்டே தேடினாள். கரண்டி அடிப்பாகத்தில் உரசிய சத்தம் மற்றவர்களுக்குக் கேட்ட பிறகுதான் அவளுக்குக் கேட்டது.

எபன் சாவியை மேஜைமேல் வழுக்கி இடலினா பக்கம் தள்ளினார். ஹெப்ஸிபா எழுந்து வாசலுக்குப் போய்ப் பாவாடையை உதறினாள், வயலைப் பார்த்தாள், திரும்பாமலே கத்தினாள்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? வாய்க்கா ஓரமெல்லாம் உறையுது. இருட்டுறதுக்குள்ள தண்ணியைக் கட்டு. கொடி கருகிச்சு, உன்னைத் தொலைச்சுடுவேன்!"

"கத்தாதீங்க. போய்க்கிட்டுத்தான் இருக்கேன்."

அதற்குப் பிறகும் அவர்கள் ஒருவரையொருவர் மனதார வெறுத்தார்கள். மணல்காரன் வேறு ஊர் பார்த்துப் போனான். மளிகைக் கடையில் டில்சன் வயல் பழத்தை வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் வைக்க ஆரம்பித்தார்கள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு நவம்பரும் ஹெப்ஸிபா முதல் ஆளாக வந்து, தொக்கில் குறை கண்டுபிடிக்கக் கரண்டியோடு உட்கார்ந்தாள். சாகும்வரை ஒன்றும் அகப்படவில்லை.