உமி துவர்க்கும் வரை

1

இந்தக் கதை பக்கத்து வீட்டு கராஜிலிருந்து எனக்குக் கிடைத்தது. இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெர்லினும் அவன் மனைவி மார்லிஸும் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் வடகோடியில், பனி கொட்டும் டுலூத்தில், நவம்பர் மாதத்தில் வேறென்ன செய்வது?

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஏரியின் மேலிருந்து வந்த காற்று கராஜ் கதவை...’ வேண்டாம். காற்றுக்கு இங்கே வேலையில்லை. மார்லிஸ் சாகப்போகிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

(காய்ச்சத் தெரியாதவர்களுக்கு: அண்டா அளவு கரன்ட் கெட்டிலுக்குள் ஒரு துளைக்கூடை இருக்கும். முளைகட்டி உலர்த்தி உடைத்த மால்ட் பார்லி அதில் வெந்நீரில் ஊறும். பிறகு கூடையைத் தூக்கிக் கெட்டிலின் விளிம்பில் நிறுத்தி, மேலே வெந்நீர் ஊற்றி, ஒட்டியிருக்கும் இனிப்பை அலசி இறக்குவோம். அளவுக்கு மீறி அலசினால் இனிப்பு தீர்ந்து உமியின் துவர்ப்பு இறங்கும். அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.)

3

வெர்லின் ஜக் ஜக்காக ஊற்றினான். மடக்கு நாற்காலியில் கம்பளித் தொப்பியோடு இருந்த மார்லிஸ், கூடையின் அடியில் சொட்டியதைக் கரண்டியில் பிடித்து நக்கிப் பார்த்தாள்.

“போதும் வெர்ல்.”

“இன்னும் இனிப்பு இருக்கு மார்லி.”

“அந்த மருந்துல என் நாக்கு செத்தே போச்சு. எனக்கே துவர்க்குது, உனக்குத் தெரியலையா, மரமண்டை?”

வெர்லின் ஜக்கை நிரப்பினான். “டாக்டர் இன்னொரு ரவுண்டு கீமோ குடுத்துப் பாக்கலாம்ங்கறார்.”

“நான் வேணாம்னுட்டேன்ல?”

“ஒரே ஒரு ரவுண்டு.”

“போன தடவையும் இதத்தான் சொன்ன. பாத்ரூம் தரையில கெடந்தது நான்.” பிறகு குரலைத் தணித்தாள். “நீ கெஞ்சினா ஒத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன்டா. அதுதான் என் கஷ்டம். கெஞ்சாத.”

நான் ஏணியை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினேன்.

4

முதல் வரைவில் வெர்லினைச் சுயநலக்காரனாக எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அவன் ஊற்றிய தண்ணீரில் பாதி தரையில் போனது. அவன் கண் ஜக்கில் இல்லை, அவள் மேலேயே இருந்தது. நானாக இருந்தாலும் ஊற்றியிருப்பேன்.

முடிவு ஒன்று: ஜக்கைக் கீழே வைக்கிறான், அவள் சிரிக்கிறாள். [பொய். யாரும் சிரிக்கும் நிலையில் இல்லை.]

முடிவு இரண்டு: கெஞ்சுகிறான், அவள் அந்த இன்னொரு ரவுண்டுக்குப் போகிறாள். பனி உருகும் முன்பே, அந்தத் துவர்ப்பு பீர் பாட்டில்களில் அப்படியே இருக்க, அவள்

இதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை.

5

ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அதனால் இந்தப் பக்கத்தில் அவன் இன்னும் நிரம்பிய ஜக்கோடு நிற்கிறான். அவனை அங்கேயே நிறுத்திவைக்கத்தான் வரிமேல் வரி சேர்க்கிறேன். இனிப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது. இனி நான் எழுதினால் உமிதான் இறங்கும்.

இந்தாருங்கள், ஜக்கைப் பிடியுங்கள். தண்ணீர் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. மார்லிஸ் இப்போது உங்களைப் பார்க்கிறாள். கெஞ்சாமல் இருக்க முடிகிறதா, பாருங்கள்.