பெயரில் ஒரு சாய்கோடு

ஆறரை மணிக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருட்டு விலகவில்லை. மங்கம்மா குந்தியபடியே மரத்தைச் சுற்றி நகர்ந்து, முள்ளுக்கும் காய்ந்த ஓலைக்கும் நடுவே கிடந்த உதிரிப் பழங்களைப் பொறுக்கிக் கோணியில் போட்டாள். பழத்தின் எண்ணெய்ப் பசையில் மண் அப்பி அவள் கைகள் கறுத்திருந்தன. எதிர்ப்பக்கத்திலிருந்து மகள் ரோகினி பொறுக்கிக்கொண்டு வந்தாள். நிறைந்த கோணியை இருவருமாகப் பாதையோரம் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார்கள். மங்கம்மாவால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை.

"நீ போய்க் குளி. ஆபீசுக்கு நேரமாச்சு."

"இன்னும் ரெண்டு மரம்தானே லா."

எட்டரை மணிக்கு ரோகினி கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. பக்கத்து மேசையில் அனுஷியாவின் விரல்கள் பளிச்சென்று இருந்தன. ரோகினி தன் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

புக்கிட் பெலண்டோக்கில் அந்த எஸ்டேட்டின் பழைய ஆபீசுக்கு ஏசி போட்டு, தோட்டங்களுக்கான மென்பொருளைக் கம்பெனி அங்கே தயாரித்தது. ரோகினிக்கு ஓராண்டு கான்ட்ராக்ட். அனுஷியாவுக்கு நிரந்தர வேலை, போர்டிக்சனில் சொந்த வீடு, வெள்ளைக் கார். அனுஷியாவின் தாத்தா இதே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ரோகினியின் தாத்தா விடிகாலையில் அவர் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வரிசையில் நின்றவர். அந்தக் கார் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் ரோகினிக்கு வயிறு எரியும்.

இருவருக்கும் ஒரே வேலைதான். எந்த எழுத்து எந்த வரிசையில் வந்தால் ஏற்கலாம், எது வந்தால் தள்ளலாம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சூத்திரத்துக்கு ரெஜெக்ஸ் என்று பெயர். ஐந்தாண்டுகளில் பலர் எழுதிவிட்டுப்போன இருநூறு சூத்திரங்களின் குறிப்புகள் பழைய மெயிலிலும் துண்டுத் தாளிலும் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரே கையேடாக அடுக்க வேண்டும். அனுஷியா குறியீடுகளின் வரிசையில் தொடங்கினாள். புள்ளிக்கு ஒரு பக்கம், நட்சத்திரத்துக்கு ஒரு பக்கம். படித்த யாருக்கும் புரியவில்லை. ரோகினிதான் அதைக் கலைத்துப் பெயர், லோரி நம்பர், அடையாளக் கார்டு எண் என்று ஆட்கள் தேடும் வரிசையில் அடுக்கினாள். ஒவ்வொன்றின் கீழும் எது நுழையும், எது நுழையாது என்று உதாரணம் போட்டாள். மேனேஜர் சந்திரன் கூட்டத்தில் அதைக் காட்டிக் கைதட்டச் சொன்னார். முதல் பக்கத்தில் 'தொகுத்தவர்: அனுஷியா' என்று மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் 'பெயர்' பகுதிக்கு இன்னொரு உதாரணம் தேடிய ரோகினி, அம்மாவின் அடையாளக் கார்டில் இருப்பதைப்போலவே 'மங்கம்மா ஏ/பி வீரமுத்து' என்று தட்டினாள். இன்னாருக்கு மகள் என்று காட்டும் அந்தச் சாய்கோட்டைச் சூத்திரம் ஏற்கவில்லை. பெயரைத் தள்ளிவிட்டது. பகுதியின் கீழே 'சரிபார்த்தது அனுஷியா' என்று கையெழுத்து இருந்தது.

ரோகினி யாரிடமும் சொல்லவில்லை. வெளியே வரட்டும், அவள் தலை குனியட்டும் என்று காத்திருந்தாள். அந்த நாட்களில் மனசுக்குள் ஒரு இனிப்பு இருந்தது.

மூன்று வாரம் கழித்து, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு நோட்டீஸ் வந்தது. லயத்தை இடிக்கப்போகிறார்கள். கம்பெனியின் இணைய ஃபார்மில் பதிந்தவர்களுக்குப் பக்கத்து ஊரான சுவாவில் புது வீடு. பதியாத பதினொரு குடும்பங்கள் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். பதினொன்றில் மங்கம்மாவின் வீடும் ஒன்று.

"நான் பதிஞ்சேனே! நன்றின்னு கூட வந்துச்சே!" என்று மங்கம்மா கத்தினாள்.

டிராக்டர் ஓட்டிய மாயாண்டிக்கு மட்டும் வீடு கிடைத்திருந்தது. அன்று முதல் அவரோடு யாரும் பேசவில்லை. "மேனேஜர் காலுல விழுந்திருப்பாரு" என்றாள் மங்கம்மா, அவர் காதில் விழும்படி.

ரோகினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மறுநாள் அனுஷியாவின் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, பேர் ரூல்ல சாய்கோடு போவாது. வீட்டு ஃபார்ம்லயும் அதே ரூல்தான். நன்றின்னு காட்டிட்டு உள்ளுக்குள்ள பேரத் தள்ளிருது."

"எப்போ பார்த்த?"

"மூணு வாரமாச்சு."

"மூணு வாரமா? ஏன் சொல்லல?"

"உங்க கையெழுத்து இருந்துச்சு. நீங்க மாட்டணும்னு இருந்தேன்."

அனுஷியாவின் முகம் சிவந்தது. கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி 'அனுஷியா ஏ/பி ஜெயந்தன்' என்று தட்டினாள். சிவப்பு எழுத்தில் 'தவறான பெயர்' என்று வந்தது.

"என் பேரும் போவல. நான் சரிபார்க்கவே இல்ல, ரோகினி. பேரு என்னோடதா இருந்தாலும், உன் வேலைன்னு தெரிஞ்சு எல்லாரும் புகழ்ந்தது எனக்குத் தாங்கல. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்." எழுந்தாள். "வா, சந்திரன்கிட்ட போவோம்."

சந்திரன் சாய்ந்து உட்கார்ந்தபடி கேட்டார்.

"சின்ன விஷயம். கையேட்டுல ஒரு வரி சேருங்க. சாய்கோடு போடக்கூடாதுன்னு. தேதிய ரெண்டு மாசம் முன்னால போடுங்க."

"அப்ப பதினொரு வீடு?" என்றாள் ரோகினி.

"ரூல் படிக்காதது அவங்க தப்பு. பதியுற தேதியும் முடிஞ்சுபோச்சு."

"ரூலே தப்பு, சார்."

"உன் கான்ட்ராக்ட் இந்த மாசம் முடியுதுல்ல? யோசிச்சுப் பேசு."

"அந்த வரிய நான் எழுத மாட்டேன்" என்றாள் அனுஷியா. "என் பேர் போட்ட கையேடு அது. பொய் எழுத முடியாது."

"அப்ப நீயும் வீட்டுல இருக்கலாம்."

"இருக்கேன், சார். அதுக்கு முன்னாடி இது எப்படி நடந்துச்சுன்னு அவங்களுக்குச் சொல்லணும்."

மாலையில் வெள்ளைக் கார் முதல்முறையாக லயத்துக்குள் வந்தது. வாலிபால் திடலில் எல்லாரும் கூடினார்கள். அனுஷியா போனில் அந்த ரூலைத் திறந்து, பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். பதினொன்றும் தள்ளப்பட்டன. கையேட்டில் பொய் வரி சேர்க்க மறுத்ததால் தன் வேலை போவதையும் சொன்னாள். மாயாண்டியின் பேரன் சாய்கோடு போடாமல் தட்டியிருந்தான், அதனால் அது நுழைந்திருந்தது. மங்கம்மா மாயாண்டியைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

ரோகினி எழுந்து, மூன்று வாரம் வாய்மூடி இருந்ததையும் ஏன் என்பதையும் சொன்னாள்.

"பெத்தவ வீடு போனாலும் பரவால்லன்னு இருந்தியாடி?" மங்கம்மாவின் குரல் உடைந்தது.

"வீட்டு ஃபார்ம்லயும் அதத்தான் போடுவாங்கன்னு தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தாலும், பொறாமையில என்ன செஞ்சிருப்பேன்னு சொல்ல முடியல."

மாயாண்டி மங்கம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு வீடு கெடச்ச அன்னிக்கு நானும் மனசுக்குள்ள சிரிச்சேன், தங்கச்சி. மத்தவங்களுக்கு இல்லையேன்னு. அது போவட்டும். இவங்க பேரு ஏறுற வரைக்கும் நான் சாவி வாங்க மாட்டேன்."

"வாங்கலன்னா உங்க வீடும் போயிரும், அண்ணே" என்றாள் அனுஷியா.

"உங்க வேலை மட்டும் போவலாமா?"

மங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மகளை இன்னும் பார்க்கவில்லை. அனுஷியாவிடம் கேட்டாள்: "மேனேஜர் எத்தன மணிக்கு வருவாரு?"

"எட்டுக்கு."

"அப்ப ஏழுக்கே ஆபீஸ் படியில உட்காந்துருவோம். பன்னெண்டு வீடும்." பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "ரோகினி, நீ எம் பக்கத்துல உட்காரு."