விட்டுக்கொடுத்தவர்கள்

சின்னபொண்ணு விடியற்காலையில் செத்துப்போனாள். அழுது ஓய்ந்ததும் அவள் புருஷன் எல்லப்பனுக்கு முதலில் வந்த கவலை, மூன்று மதத்துக்காரர்களும் பிணத்துக்காக அடித்துக்கொள்ளப் போகிறார்களே என்பதுதான்.

கவலையில் நியாயம் இருந்தது. ஆரணியில் மத நல்லிணக்கக் குழு என்று ஒன்று இருந்தது. பட்டுக்கடை சுதாகர் முதலாளி அதற்குத் தலைவர். ஜரிகை வியாபாரி கவுஸ் பாயும், சர்ச் கமிட்டியில் இருக்கிற ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் சவரிமுத்து சாரும் துணைத் தலைவர்கள். ஊரில் எங்கே விழா நடந்தாலும் மூவரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையில், ஒரே மாதிரி கைகூப்பி நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில் சின்னபொண்ணு நிற்பாள்.

அவள் சேவூர் காலனிக்காரி. நெசவு வீடுகளுக்கு நூலைக் குச்சியில் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தவள். காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அது ஆற வேண்டும் என்று ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ்க்குடம் சுமந்தாள். சனிக்கிழமை மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். வியாழக்கிழமை தர்காவில் ஊதுபத்தி வைத்தாள். மூன்று ஆபீசிலும் மனுப் போட்டு வைப்போம், எங்கே முதலில் கையெழுத்தாகிறதோ ஆகட்டும் என்பது அவள் கணக்கு. புண் ஆறவில்லை. ஆனால் குழுவின் கண்ணில் அவள் பட்டுவிட்டாள்.

அன்று முதல் குத்துவிளக்கு ஏற்றுவது அவள் வேலை. மேடை ஏறும் முன் சுதாகர் கடையிலிருந்து அரக்குநிறப் பட்டுச் சேலை ஒன்று வரும், அதைக் கட்டிவிடுவார்கள். இறங்கியதும் அவிழ்த்து, மடிப்புக் கலையாமல் வாங்கிக்கொள்வார்கள். மைக்கைப் பிடித்த மூவரும் தவறாமல் ஒன்றையே சொல்வார்கள்: சின்னபொண்ணு எங்கள் பொண்ணு, அவளை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம். கூட்டம் கைதட்டும். தட்டுகிறவர்களில் எல்லப்பனும் ஒருவன்.

ஆகவேதான் அந்தக் கவலை. ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற இருவரும் முகம் கோணுவார்களே.

காலனிக்கென்று ஒரு இடுகாடு இருந்தது. ஏரியை ஒட்டிய பள்ளம் அது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கோடி போய், அங்கே இப்போது இடுப்பளவு தண்ணீர். வீட்டுக்குப் பின்னால் ரெண்டடி தோண்டினாலும் ஊற்றுதான். எரித்துவிடலாமே என்று யாராவது கேட்டால் எல்லப்பனிடம் பதில் இருந்தது. டாக்டர் காலை எடுக்க வேண்டும் என்று சொன்ன அன்றே ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஏறி ஓடிவந்தவள் சின்னபொண்ணு. சாகிற வாரம்கூட அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்னக் கொளுத்தாத. கத்தியும் வைக்க வுடாத. முழுசா மண்ணுல எறக்கு. மூணாம் நாளு வந்து பால் ஊத்து. அது போதும் எனக்கு."

எல்லப்பன் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். ஆறடி மண். ஊரில் மூன்று பேர் உரிமை கொண்டாடுகிற பொம்பளைக்கு ஆறடி மண் கிடைக்காமலா போகும்?

முதலில் சுதாகர் காரில் வந்தார். ஆளுயர மாலை. ஐஸ் பெட்டியை அவர்தான் அனுப்பிவைத்திருந்தார். அதன் நெற்றியில் 'மத நல்லிணக்கக் குழு உபயம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எல்லப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். உங்க தெருக்காரங்க மயானத்துல ஒரு ஓரமா இடம் கிடைச்சா...

சுதாகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணப் பட்டு விற்கிறவர் அவர். பிடிக்காத கிராக்கியைக்கூட முறைக்காமல், பக்கத்துக் கடைக்கு வழிகாட்டி அனுப்பத் தெரிந்தவர். தான் மட்டும் தனியாள் என்றால் தன் தோட்டத்திலேயே இடம் கொடுத்திருப்பேன் என்றார். தெருவில் பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காலனி என்றால் கொஞ்சம் யோசனை, அதுகூடப் பெரிசில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சனிக்கெழம சனிக்கெழம அம்மா மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திகினு இருந்தாங்க. சவரிமுத்து சார் மனசுல எவ்ளோ ஆசை இருக்கும்? நான் குறுக்க பூந்து இஸ்துகினு போனா நல்லா இருக்குமா எல்லப்பா? நல்லிணக்கம்னா இன்னா, விட்டுக்கொடுக்கறதுதான?"

எல்லப்பனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. எவ்வளவு பெருந்தன்மை.

சைக்கிளில் சவரிமுத்து சார் வீட்டுக்குப் போனான். அவர் அவனை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, ஜெபமும் செய்தார். ஜெபம் முடிந்ததும் ஞானஸ்நானம் ஆகவில்லையே என்றார். ஆகாமல் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்தால், ஏழையைச் செத்த பிறகு மதம் மாற்றிவிட்டார்கள் என்று நாளைக்கே யாராவது வீடியோ போடுவார்கள். அப்புறம் குழு என்ன ஆவது, சுதாகர் முகத்தில் எப்படி விழிப்பது? தவிர, சின்னபொண்ணு தர்காவில் கட்டிய கயிறு சாகும்வரை அவள் கையில் இருந்ததை அவரே பார்த்திருக்கிறார். பாய் கேட்கும்போது நாம் வழிவிட வேண்டாமா என்று அவனையே கேட்டார். எல்லப்பன் தலையாட்டினான். முன்பளவு நெகிழவில்லை.

கவுஸ் பாய் வாசலுக்கே வந்து எல்லப்பனைக் கட்டிக்கொண்டார். அவன் சட்டை மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. கபரஸ்தானில் அடக்கம் செய்ய வேண்டுமென்றால் கலிமா சொல்லியிருக்க வேண்டும், ஜமாத்தில் கேட்பார்கள் என்றார்.

"அம்மா தர்காவுக்கே நெத்தி நெறய குங்குமம் வச்சிகினுதான் வருவாங்க. நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. அவ்ளோ பக்தி. அந்தக் குங்குமத்த அழிச்சிட்டு நான் எங்க ஆளுன்னு எடுத்தா, சுதாகர் மனசு இன்னா பேஜாராவும்? அவருக்குத்தாம்பா உரிமை."

எல்லப்பன் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தான். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே ஆளுக்கு ஆள் மாட்டைத் தன் பக்கம் இழுப்பார்கள். இங்கேயும் துண்டு அதேதான், விரல் அதேதான். மாட்டைத்தான் ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மாடு ஐஸ் பெட்டியில் இருந்தது.

மத்தியானம் சுதாகர் கடை மாடியில் குழுவின் அவசரக் கூட்டம். மதங்களுக்கிடையே உரையாடல் என்று குழுவின் வாட்சப்பில் போட்டார்கள். எல்லப்பனை மாடிக்குக் கூப்பிடவில்லை. கீழே, கிராக்கிகள் செருப்பு விடுகிற இடத்தில் நின்றான். தெள்ளாரிலிருந்து வந்திருந்த ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தச் சேலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அத்தைக்கு பார்டர் பிடிக்கவில்லை. மேலே டீயும் மசால்வடையும் போயின. சிறிது நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தால் சமாதானமாகிவிட்டார்கள் என்று அர்த்தம் என்று எல்லப்பன் தன்னைத் தேற்றிக்கொண்டான். அது உண்மைதான்.

மூவரும் ஒன்றாக இறங்கி வந்தார்கள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சுதாகர் அவன் தோளில் கை போட்டார். அவன் தோளில் அவர் கை போட்டது அதுதான் முதல் தடவை.

"எரிச்சா எங்க ஆளுன்னு ஆயிடும். பொதைச்சா, சார் ஆளா பாய் ஆளான்னு பேச்சு வரும். அம்மா எல்லாருக்கும் பொதுவா வாழ்ந்தவங்க. அதனால ஒடம்ப மெடிக்கல் காலேஜிக்கு தானமா குடுத்துடறோம். மதத்தக் கடந்த தானம். டிவிக்காரங்களுக்குச் சொல்லியாச்சி."

எல்லப்பனுக்குப் புரியவே நேரமானது. புரிந்ததும், அவள் முழுசாக மண்ணுக்குப் போகணும் என்று சொன்னாள் முதலாளி, கத்தி என்றால் அவளுக்கு பயம், சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்றான். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. சவரிமுத்து சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு நல்ல ஆசிரியருக்குரிய பொறுமையோடு விளக்கினார்.

"உயிர் இருந்தாத்தான் எல்லப்பா வலி. இப்ப அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அத்தைக்கு வேறொரு சேலை பிடித்துவிட்டது. கல்யாண வீட்டார் பையோடு செருப்பு மாட்ட வந்தார்கள். எல்லப்பன் ஒதுங்கி வழிவிட்டான்.

அவன் காலனி போய்ச் சேருவதற்குள் ஆம்புலன்ஸ் வந்து, சின்னபொண்ணை ஐஸ் பெட்டியிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியிருந்தார்கள். சாமியானா போட்டிருந்தார்கள், மைக்கும் வந்திருந்தது. சேத்துப்பட்டு ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து ஜனம் எட்டிப் பார்த்தது. சுதாகர் மைக்கில் பேசினார். தன் மனைவியின் உடலை மனித குலத்துக்கே அர்ப்பணிக்கும் மாமனிதர் எல்லப்பன் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். காலனி இளவட்டங்களும் தட்டினார்கள். செல்போனை உயரப் பிடித்தார்கள். எல்லப்பனின் கழுத்தில் மாலை விழுந்தது. இத்தனை பேர் நடுவில் மாலையோடு நின்றுகொண்டு, மாட்டேன் என்பது எப்படி என்று அவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

சின்னபொண்ணோடு சேர்ந்து தார் சுற்றிய கன்னியம்மா மட்டும் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மேடையில ஏறுனா எங்க பொண்ணு, எங்க பொண்ணுன்னீங்க. பொணமானா மட்டும் அடுத்த வூட்டுப் பொண்ணா? யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்னு மைக்குல சொன்னீங்களே. இப்ப மூணு பேரும் சேர்ந்து நல்லா விட்டுக்கொடுத்துட்டீங்க சாமி."

துக்கத்தில் பேசுகிறார்கள் என்று கவுஸ் பாய் மைக்கில் சொன்னார். அதற்கும் சிலர் கைதட்டினார்கள். கன்னியம்மாளை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக அழைத்துப்போனார்கள்.

நீட்டிய தானப் பத்திரத்தில் எல்லப்பன் கையெழுத்துப் போட்டான். அதை டிவிக்காரர் கிட்டே வந்து படம் பிடித்தார். பிறகு கடைப்பையன் அரக்குநிறப் பட்டுச் சேலையைக் கொண்டுவந்தான். சின்னபொண்ணின் மேல் போர்த்தினார்கள். மூவரும் தலைமாட்டில் கைகூப்பி நிற்க, எல்லப்பனை நடுவில் நிறுத்தினார்கள். படம் எடுத்து முடிந்ததும் சுதாகர் கண்ணைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் இது யார் கைக்குப் போகுமோ என்று சொல்லிக்கொண்டே பையன் சேலையை உருவி மடித்தான். அந்த இழுப்பில் அவள் கை ஸ்ட்ரெச்சரிலிருந்து வெளியே சரிந்தது. பச்சைக் கயிறு இன்னும் மணிக்கட்டில் இருந்தது. எல்லப்பன் கையை எடுத்து உள்ளே வைத்தான். அந்தச் சாவில் அவன் மனைவிக்கு அவன் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் சொம்பில் பால் வாங்கிக்கொண்டு எல்லப்பன் புறப்பட்டான். எங்கே போவது என்று தெரியவில்லை. ஏரிக்கரை வரைக்கும் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். கால் போன போக்கில் ஆரணிக்குள் வந்து, சுதாகர் கடைக்கு எதிரில் நின்றான்.

அங்கே இரும்புச் சட்டத்தில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. அரக்குப் பட்டில் சின்னபொண்ணு சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று பேர் கைகூப்பியிருந்தார்கள். 'மதம் கடந்த மாதரசி' என்று எழுதியிருந்தது. கீழே கடையின் முகவரியும் முகூர்த்தப் பட்டுத் தள்ளுபடியும் இருந்தன.

ஊரில் அவள் இருக்கிற இடம் இது ஒன்றுதான். எல்லப்பன் செருப்பை விட்டுவிட்டு, ஃபிளெக்ஸின் காலடியில் மெல்லப் பாலை ஊற்றினான். பைக்கில் போன ஒரு பையன் வண்டியை நிறுத்தினான்.

"இன்னா பெரியவரே, படம் எப்ப ரிலீஸு?"

பின்னால் உட்கார்ந்திருந்தவன் விசிலடித்தான். டீக்கடைக்காரர்கூடச் சிரித்தார். எல்லப்பன் சொம்பைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினான். பால் சாக்கடைப் பக்கமாக ஓடியது.

சத்தம் கேட்டு சுதாகர் கடையிலிருந்து வெளியே வந்தார். வாசலெல்லாம் பாலாகிவிட்டதே என்று கோபிக்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். எல்லப்பனைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். கார்த்திகையில் குழுவுக்கு ஒரு விழா இருக்கிறது, சின்னபொண்ணின் இடம் காலி, விளக்கேற்ற அவன் வர வேண்டும் என்றார். புது வேட்டி கடையிலிருந்து வரும் என்றார். இறங்கினதும் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அது இருவருக்கும் தெரிந்த விஷயம்.

எல்லப்பன் காலிச் சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வரேன் முதலாளி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் செத்தா எங்க?"

சுதாகர் சிரித்தார். நல்ல மனசோடு, நெடுநாள் கிராக்கியிடம் சிரிப்பது போலச் சிரித்து, அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"அதுக்குள்ள ஏரி வத்திடும் எல்லப்பா."