இடம் மாறிய துண்டு

காலையிலிருந்து மைக்ராஸ்கோப்பில் ஊராருடைய குரோமோசோம்களை எண்ணி எண்ணி அவளுக்குக் கண் எரிந்தது. எல்லாம் முடிந்தபிறகுதான் தன் வீட்டு ஸ்லைடுகளை எடுத்தாள். ஒன்று அவளுடையது, மற்றது கணவனுடையது. பாரபட்சம் வேண்டாமென்று பெயர்களின்மேல் அவளே டேப் ஒட்டியிருந்தாள். கரு கலைந்து கலைந்து அலுத்துப்போயிருந்தது. குறை யாரிடம் என்று தெரிந்தால் போதும்.

நாத்தனாருக்கு அது எப்போதோ தெரிந்துவிட்டது. "உன் பொண்டாட்டி வயித்துல எதுவும் தங்காதுடா" என்பாள் தம்பியிடம். கரு தங்காத இதே காரணத்துக்காகப் புருஷன் வீட்டார் கைகழுவி அனுப்பிய மனுஷி. அந்த எரிச்சலை இங்கே கொட்டினாள். "குறை என்கிட்டதான்க்கா, அவளை விடு" என்பான் அவன். மனைவியைக் காப்பாற்றச் சொன்ன பொய்.

முதல் ஸ்லைடிலேயே அவள் கை நின்றது. ஒரு குரோமோசோமின் வால்துண்டு வேறொன்றில் ஒட்டிக்கிடந்தது. ஆள் உயரத்துக்குமேல் நீளும் டிஎன்ஏ நூலைச் செல் குரோமோசோம் என்கிற சின்னச் சின்ன மூட்டைகளாகச் சுருட்டி வைக்கிறது. வீடு மாற்றும்போது பாத்திரம் துணிமூட்டைக்குள் போய்விடுகிற மாதிரி, இங்கே ஒரு துண்டு இடம் மாறியிருந்தது. சாமான் எதுவும் தொலையவில்லை. ஆள் நன்றாகத்தான் இருப்பார். விந்தணுவோ கருமுட்டையோ உருவாகையில்தான் வினை. ஜோடி மூட்டைகள் பிரிந்து ஆளுக்குப் பாதியாகப் போகும்போது ஒன்றில் சாமான் கூடும், இன்னொன்றில் குறையும். அந்தக் கரு நிலைப்பது கஷ்டம்.

டேப்பை உரிக்கத் தேவையில்லை. ஆணுக்கு மட்டுமே உள்ள குட்டையான ஒய் குரோமோசோம் இருந்தால் அவன். தேடினாள். இருந்தது.

அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே அப்படித் தோன்றியதற்காகக் கூசிப்போனாள்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். "உன்னோடதா? பரவால்ல, அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

"உங்களோடதுங்க. உங்க அப்பா, இல்லன்னா அம்மா வழியா வந்திருக்கலாம்."

அவன் எழுந்து போனை எடுத்தான். அக்காவைக் கூப்பிட்டான். "குறை என்கிட்டதான்னு சொல்லிட்டே இருந்தேன்ல. அது நிஜமாம்க்கா. நம்ம அப்பா அம்மா வழியா வந்திருக்கலாமாம்."



"போனை அவகிட்ட குடு" என்றாள் அக்கா.

அவள் வாங்கினாள். திட்டு வாங்கக்கூட அவளிடம் தெம்பில்லை.

"எனக்கும் பாத்துச் சொல்றியா?" என்றாள் நாத்தனார். அதட்டல் இல்லாத அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. "இனிமே தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. இருந்தாலும் பாரு."

"வாங்க அண்ணி" என்றாள். "நானே பாக்கறேன்."