நாலாம் நம்பர் மலை வல்லாரை

ஹம்சினி சோற்றுக் கோப்பையை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பலகையின்மேலேயே காலைத் தூக்கி வைத்தாள் பிரியந்தி. வேண்டுமென்றேதான் வைத்தாள். சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும், அரைத்து அப்பியிருந்த பச்சிலை காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தது. விரலிடுக்கில் தோல் வெந்து பிளந்திருந்தது. சிவப்பு கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது.

"ஒன் தட்டுல செத்துச்சுன்னியே, என் கால்ல ஏன் சாகல?"

ஹம்சினி கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அண்ணன் மனைவிக்கும் அவளுக்கும் என்றைக்கும் ஆகாது. அண்ணன் கொழும்பில் கடை வேலைக்குப் போனபிறகு, நடுவில் நின்று விலக்கிவிடவும் ஆளில்லை. பிரியந்தி தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். நாத்தனார் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். இந்த ஒன்று போதாதா, கை பட்டாலும் குற்றம் கால் பட்டாலும் குற்றம் என்று ஆவதற்கு? ஆனால் இன்றைக்குக் குற்றம் நிஜமாகவே இருந்தது. அதுதான் ஹம்சினிக்குத் தாங்கவில்லை.

வல்லாரைச் சாறு கிருமிகளைக் கொல்லுமா என்பதுதான் அவளுடைய ஆய்வு. சேற்றுப்புண்ணில் வளரும் பூஞ்சையை ஒரு கண்ணாடித் தட்டிலும், புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் பாக்டீரியாவை இன்னொன்றிலும் வளர்த்து, நடுவில் குழி எடுத்துச் சாற்றை விட்டிருந்தாள். இரண்டிலும் குழியைச் சுற்றி ஒன்றுமே முளைக்காத பெரிய வட்டம் விழுந்தது. ஆய்வுக்குப் பொறுப்பான விஜிதரன் சேர் அடிமட்டத்தை வைத்து அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவையும் அளந்தார். வரும் வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் அதை அவள் விளக்க வேண்டும். வட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அன்றைக்கே டயகமவுக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்கு, போன் போட்டாள். இலையைப் பறித்துக் காயவைத்து அனுப்பியது பிரியந்திதான். "மதினி, டிஸ்பென்சரி களிம்பத் தூக்கிப் போடுங்க. வல்லாரைய அரைச்சுப் போட்டா போதும்" என்று அவளிடம் சொன்னாள் ஹம்சினி. அது நடந்து மூன்று வாரம் ஆகிறது.

"தெனமும் புதுசாதான் அரைச்சீங்களா?" என்றாள் ஹம்சினி.

"பின்ன, பழசையா போடுவேன்? லயத்துக்குப் பின்னாடி கான்லதான் காடா மண்டிக் கெடக்குதே."

"எனக்கு அனுப்புனதும் அந்தக் கான்ல பறிச்சதா?"

"ஒனக்கா?" பிரியந்தி காலை இறக்கிக்கொண்டாள். "லயத்துக் கான் எல வேணாம், எல்லாரும் கழுவி ஊத்துற எடம், அசிங்கம்னு சொன்னது யாரு? நீ குடிச்சு வளந்த தண்ணியும் இந்த லயத்துத் தண்ணிதான். ஒனக்குன்னு நாலாம் நம்பர் மலைக்கு ஏறிப்போய், மேல்கான்ல பாத்துப் பாத்துப் பறிச்சேன்."

ஹம்சினி சொன்னதுதான். இலை எங்கே பறித்தது என்று ஆய்வில் எழுத வேண்டும். லயத்துச் சாக்கடை என்று எழுத அவளுக்குக் கை கூசியது. வேறு காரணம் எதுவும் இல்லை.

"எப்ப பறிச்சீங்க?"

"கொழுந்து எடுத்து முடிச்சு ரெண்டு நாள் இருக்கும். முந்துன நாளு மருந்தடிச்சுட்டுப் போயிருந்தானுக. மலையில ஒரு ஆள் இல்ல."

ஹம்சினி கோப்பையைக் கீழே வைத்தாள். மழைக்காலத்தில் கொழுந்து எடுத்த கையோடு, தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடிப்பார்கள். கொப்புள நோயும் ஒரு பூஞ்சைதான். செம்பு பூஞ்சையைக் கொல்லும், பாக்டீரியாவையும் கொல்லும். தோட்டத்தில் பிறந்தவளுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டுமா?

"கழுவித்தானே காய வச்சீங்க?"

"ஈரம் பட்டா எல அழுகிரும், அப்பிடியே காய வைங்கன்னு நீதானே சொன்ன?"

அதையும் அவள்தான் சொன்னாள். வந்த இலையை அவளும் கழுவாமல் அப்படியே பொடித்தாள். அது போதாதென்று, மூன்று முறை கழுவியதாக ஆய்வுக் கொப்பியில் எழுதியும் வைத்திருந்தாள். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று எழுதியது.

"மருந்தடிச்ச எலைன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா மதினி!"

"தேயிலைக்கு அடிச்சானுக, வல்லாரைக்கா அடிச்சானுக? நீ திங்கவா கேட்ட? தட்டுல வைக்கத்தானே கேட்ட?"

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மிச்சப் பொடி ஆய்வுகூடத்தில் புட்டியில் பத்திரமாக இருந்தது. அது மருந்தடித்த மலையில் பறித்தது என்று சேருக்குத் தெரியாது. வாயைத் திறக்காவிட்டால் வட்டம் வட்டமாகவே இருக்கும், ஒரு வருட உழைப்பும் நிற்கும். இந்தக் காலைப் பார்த்துக்கொண்டே அப்படி யோசிக்க முடிகிறதே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் யோசிப்பதை விட முடியவில்லை.

பிரியந்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்போடு நின்றவள்தான். அதற்காகக் கணக்குத் தெரியாதவள் இல்லை.

"அப்ப கொன்னது எல இல்ல. மருந்து."

"அப்படித்தான் இருக்கும். லயத்து எலைய வச்சுத் திரும்பச் செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

"அங்க போயி என்னத்தையும் சொல்லிக்க. சொல்லாமயும் இரு. எனக்கென்ன?" பிரியந்தி துணியை உதறிக் காலில் இறுக்கிச் சுற்றினாள். வலியில் உதடு கோணியது. "நம்ம கம்பஸ் புள்ள கண்டுபுடிச்சதுன்னு நாந்தான் லயம் பூரா பெருமையாச் சொன்னேன். நாலு பொம்பளைங்க அரைச்சுப் போட்டுட்டு இருக்காளுக. பேச்சியம்மாக்காவுக்குச் சக்கர வியாதி வேற. அவளுகளுக்கு யாரு சொல்றது?"

தன்னைப் பற்றி மதினி பெருமை பேசியிருப்பாள் என்று ஹம்சினி கனவிலும் நினைத்ததில்லை. வசவைவிட அது அதிகமாகச் சுட்டது.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆட்டோ கூப்புடுறேன்."

"நான் போய்க்குவேன். ஒன் தொண இல்லாமத்தான் இத்தன நாளும் நடந்தேன். நீ அவ வீட்டுக்குப் போ."

ஹம்சினி கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தாள். தூறல் விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. லயத்தின் பின்னால் ஓடிய கானின் இரு கரையிலும் வல்லாரை, கழுவி ஊற்றிய தண்ணீரைக் குடித்துக் கொழுகொழுவென்று நின்றது. லயத்தின் கடைசி அறையான கோடிக்காம்பராவில் பேச்சியம்மா வாசல் படியில் உட்கார்ந்து, வலது காலை வெயில் படும்படி நீட்டியிருந்தாள். ஐந்து விரலிலும் பச்சை அப்பியிருந்தது. ஹம்சினியைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகி, எடுத்துக் காட்டுவதற்காக அந்தக் காலைக் கொஞ்சம் தூக்கினாள்.

"வா தாயி. ஒன் மருந்துதான்."