அம்மா எறங்கிட்டா

பொழுது புலருமுன்பே கல்லுடைக்கும் கிரஷர் உறுமத் தொடங்கிவிட்டது. கல் நிறைந்த பாண்டுச்சட்டியை வெற்றிச்செல்வி தலையில் ஏற்றினாள். சும்மாட்டுக்குள்ளும் தூசி நறநறத்தது. ஆனாலும் இன்றைக்கு அவள் காலில் ஒரு துள்ளல். ஐந்து நாளாய்க் கொட்டகையில் அம்மை போட்டுக் கிடந்த நாலு வயது மகன் அறிவரசனுக்கு விடியலில் உடம்புச் சூடு விட்டிருந்தது. "அம்மா எறங்கிட்டா!" என்று பெண்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த சிந்தாமணி அவனைத் தோளில் போட்டபடி ஓடிவந்தாள். பின்னாலேயே, தடுப்பூசி போட வந்த நர்சம்மா பரிமளா.

"செல்வி! புள்ளைக்குக் கைகாலு சில்லுன்னு ஆவுதுடி! பல்லோரம் ரத்தம்!"

"மணல்வாரி அம்மை இல்லங்கல. அதோட டெங்குவும் சேந்திருக்கும்போல. காய்ச்சல் வுடுற நேரந்தான் அதுல ஆபத்து. ஒடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு போயி ரத்தம் பாக்கணும். ஆம்புலன்ஸ் வர முக்கா மணி நேரமாம்" என்றாள் பரிமளா.

பாவி மக்கள்! எமன் ஏறிவந்ததை அம்மா இறங்கியதாகக் கும்பிட்டிருக்கிறார்கள்.

முதலாளி அமிர்தலிங்கத்தின் ஜீப் வாசலிலேயே நின்றது. கேட்டதும் அவன் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"டெங்குன்னு வெளிய தெரிஞ்சா ஆபீசருங்க வந்து பழைய டயர்ல நிக்கிற தண்ணியப் பாப்பாங்க. கிரஷருக்குப் பூட்டுதான். அம்மைன்னே இருக்கட்டும். வேப்பில கட்டச் சொன்னதே நாந்தான!"

வெற்றிச்செல்வி சாவிக்குப் பாய்ந்தாள். அவன் அவள் கொண்டையைப் பிடித்து ஜீப் கதவில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. தடுக்க வந்த டிரைவர் வீரமுத்துவின் தோளில் காவலாளியின் இரும்புக்கம்பி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

யாரோ சுவிட்சை அணைத்தார்கள். மிஷின் நின்றது. சம்மட்டியும் கடப்பாரையுமாய் நாற்பது பேர் சூழ்ந்தார்கள். அமிர்தலிங்கம் சாவியை நீட்டினான்.

"இன்னும் ஆறு புள்ளைக்குக் காய்ச்சலு. எல்லாத்துக்கும் ரத்தம் பாக்காம மிஷினு ஓடாது!" என்ற சிந்தாமணி, பிள்ளையைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு டயர்களைப் புரட்டினாள். புழு நெளியும் தண்ணீர் முதலாளியின் செருப்பை நனைத்தது.

"ஒங்களத்தான் ஓடவுட்டுருவேன், பாக்குறியா? போலீசு வரும்!" என்று எகிறினான் அமிர்தலிங்கம்.

"வரட்டும். நாங்க இங்கதான் இருப்போம்."

வீரமுத்து ஒற்றைக் கையால் ஜீப்பைத் திருப்பினான். பிள்ளைகளோடு தாய்மார் நெருக்கியடித்து ஏறினார்கள். அறிவரசனின் கை இன்னும் சில்லென்றுதான் இருந்தது. கிரஷர் ஓடாததால் அவன் முனகல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா..."

"இங்கதான்டா இருக்கேன்" என்று இறுக்கிக்கொண்டாள் வெற்றிச்செல்வி. "எறங்க மாட்டேன்."