துளசிங்கத்தின் முதுகில் இருந்தவள்

பஞ்ச வருஷத்துப் புரட்டாசியில், கோட்டைக்குப்பத்துத் துளசிங்கம் சேற்றில் சுமந்துபோய்ப் படகில் இறக்கிவிட்ட பெண் ஒருத்தி, படகிலும் உட்கார்ந்திருந்தாள், அவன் முதுகிலும் இருந்தாள். படகில் இருந்தவளை எல்லாரும் பார்த்தார்கள். முதுகில் இருந்தவளை யாரும் பார்க்கவில்லை. அவளுடைய கனம் மட்டும் இருந்தது.

சுமப்பது அவன் தொழில். பழவேற்காட்டு ஏரியின் ஓரமெல்லாம் முழங்கால் சேறு. படகு கரையை ஒட்டி வராது. ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து போகும் துணி மூட்டையும் வெடியுப்புச் சாக்கும் ஆள் முதுகில்தான் படகு ஏறும், படகு முகத்துவாரம் தாண்டிக் கடலில் நிற்கும் கப்பலுக்குப் போகும். மழை மூன்றாம் முறையும் பொய்த்த அந்த வருஷம், உள்நாட்டு ஊர்களிலிருந்து ஜனங்கள் கோட்டை வாசலுக்கு வந்து குந்தினார்கள். தங்களையோ பிள்ளைகளையோ தரகர்களிடம் கொடுத்துவிட்டு அரிசி வாங்கிப் போனார்கள். வாங்கப்பட்டவர்கள் கடலுக்கு அப்பால் ஒல்லாந்தரின் பத்தாவிப் பட்டணத்துக்கு அடிமைகளாகப் போகவேண்டும். சேற்றில் கால் எடுத்து வைக்க அவர்களுக்குத் தெம்பில்லாததால் அவர்களையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூட்டையைவிட இது லேசு என்று சுமைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

கடைசியாக வந்தவள் துளசிங்கத்தின் கழுத்தை விடவில்லை. படகுக்காரர்கள் இருவர் அவள் விரல்களைப் பிரித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தார்கள். அவன் திரும்பி நடந்தான். சேற்றில் கால், ஏற்றிப்போனபோது புதைந்த ஆழத்துக்கே புதைந்தது. களைப்பு என்று நினைத்தான். கப்பல் பாய் விரித்துப் போய்விட்ட சேதி வந்த மாலையில் அவனால் நிமிர முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. நடு முதுகிலிருந்து இடுப்பு வழியாக நெருப்புக் கயிறு ஒன்று இறங்கி, இடது காலில் முடிந்தது.

மனைவி எல்லம்மா முதலில் சுளுக்கென்று நினைத்து உப்பு ஒத்தடம் கொடுத்தாள். கட்டில் கயிறு அறுந்தது. புதுக்கயிறு போட்டாள், அதுவும் அறுந்தது. தரையில் மல்லாந்து படுத்தால் அவன் முதுகுக்கும் பாய்க்கும் நடுவில் யாருக்கோ மூச்சு முட்டுவது அவளுக்கும் கேட்டது. அன்றிலிருந்து அவன் குப்புறப் படுத்தான். வைத்தியம் தேடும் வேலை எல்லம்மாவுடையதாயிற்று.

பக்கத்து ஊரான பசியாவரத்தில் மணியம்மாள் என்று சுளுக்கு வழிப்பவள் இருந்தாள். புங்க எண்ணெயைச் சூடாக்கிக் கையில் தடவிக்கொண்டு அவன் முதுகுக்குக் கொண்டுபோனவளின் கை, முதுகைத் தொடாமல் ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. அந்தரத்திலேயே எண்ணெய் தடவினாள். எண்ணெய் கீழே சொட்டவில்லை.

“உன் வலி முதுகுல இல்லப்பா, முதுகு மேல கீது. ஒரு பொண்ணு. எலும்பும் தோலுமா கீறா. எனக்கு சுளுக்குதான் தெரியும், இது தெரியாது” என்றாள்.

கோட்டை மருத்துவர் அவன் முதுகில் குவளை வைத்து ரத்தம் வாங்கினார். பிறகு மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் அவனை நிற்கவைத்தார். இரண்டு ஆள் எடை காட்டியது. படிக்கல்லை மாற்றிப் போட்டார். அப்போதும் இரண்டு ஆள். பித்தம் கட்டியிருக்கிறது என்று துபாஷி மூலம் சொல்லிப் பேதிக்குக் கொடுத்தார். துளசிங்கம் பாதியாக இளைத்தான், மேலே இருந்தது இளைக்கவில்லை. தராசில்தான் கோளாறு என்று கோட்டையில் முடிவாகி, அதைக் கழற்றிப் போட்டார்கள்.

பழவேற்காட்டுத் துலுக்கத் தெருவில் இருந்த ஹக்கீம் நாடி பிடித்தார். வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “ரெண்டு நாடி ஓடுது. ஒண்ணு ஆம்பளை, ஒண்ணு பொம்பளை. மருந்து சாப்பிட வேண்டியது அவங்க. இங்கே இல்லாத ஆளுக்கு நான் எப்படிக் கொடுக்கறது?” என்று சொல்லி, அவன் வலிக்கு மட்டும் அபின் கலந்த உருண்டை கொடுத்தார். அது இருந்தவரை தூங்கினான்.

அபின் மயக்கம் தெளிந்த நாட்களில் துளசிங்கம் ஒன்றைக் கவனித்தான். அவன் தரையில் நின்றாலும் முதுகு ஆடிக்கொண்டிருந்தது, அலையில் ஆடுவதுபோல. தை பிறந்தபின் ஒருநாள் ஆட்டம் சட்டென்று நின்றது. அவள் கரை சேர்ந்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அதன்பின் விடியும் முன்பே கனம் முன்னும் பின்னும் அசையத் தொடங்கிவிடும். அவள் எதையோ குத்துகிறாள், இடிக்கிறாள், சுமக்கிறாள். சாப்பிட்டால் கனம் ஒரு பிடி கூடிக் கொஞ்சநேரம் அசையாமல் இருக்கும். சில நாள் அப்படிக் கூடுவதே இல்லை. சில நாள் கனம் குலுங்கும், சாட்டை விழுவதுபோல அவன் முதுகுச் சதை துடிக்கும். அப்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பனைமரத்தைப் பிடித்துக்கொள்வான். கோட்டைக்குப்பத்தில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரவர்க்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது.

எல்லம்மாதான் குடும்பத்துக்குச் சோறு போட்டுக் காப்பாற்றினாள். மீன் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் குந்தி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தாள். நண்டு கடித்த விரலோடு வந்து உலை வைப்பாள். குப்புறக் கிடக்கும் புருஷனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரம் வரும். யார்மேல் என்று சொல்ல முடியாத ஆத்திரம். அடுத்த வைத்தியரைப் பற்றிச் சந்தையில் விசாரிப்பாள்.

அந்த விசாரிப்பில்தான் சேதி உள்நாட்டு அனுப்பம்பட்டு வரை போயிற்று. அங்கிருந்து ஒருநாள் ஒரு பெரியவர் வந்து வாசலில் நின்றார். நீலமேகம் என்று பெயர். விவசாயம்.

“தம்பி, அது தாடையை எந்தத் தோள்ல வெச்சிருக்குது?” என்று கேட்டார்.

“எடது தோள்ல.”

“குதிகாலால இடுப்புல தட்டுதா?”

“எப்பனா தட்டும்.”

பெரியவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். “எங்க பொண்ணு லோகநாயகிதான். சின்னதுல தூக்கிக்கினு போனா அப்படித்தான் வரும்” என்றார்.

வாரத்துக்கு ஒரு தடவை, சந்தை நாளில் அவர் வந்தார். வெள்ளரிக்காயோ ஒரு கை உளுந்தோ கொண்டுவருவார். துளசிங்கத்தின் பின்னால் உட்கார்ந்து, முதுகுக்கு ஒரு சாண் மேலே கையை வைத்துக்கொள்வார். அவன் அந்த வாரத்துச் சேதி சொல்வான். காய்ச்சல் வந்து போச்சு. நேத்து நல்லா துண்ணா. ஒரு வருஷம் கனம் மாதாமாதம் ஏறி, ஒருநாள் மத்தியானம் அவன் கத்திக் கூப்பாடு போடும்படி முதுகு பிளந்து, அவள் கனத்தின்மேல் இன்னொரு சின்னக் கனம் ஏறிற்று. ஒரு வாரம் இருந்தது. பிறகு அது இல்லை. சந்தை நாளில் அவன், “ஏறிச்சு, எறங்கிடுச்சு” என்றான். நீலமேகம் அன்றைக்கு வெள்ளரிக்காயைக் கொடுக்க மறந்து திரும்ப எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

நாலைந்து வருஷம் இப்படிப் போனபின் எல்லம்மா சரியான ஆளைக் கண்டுபிடித்தாள். தானியேல் என்ற அந்த மனிதர் கப்பல்களில் மாலுமிகளுக்கு மூட்டு இறங்கினால் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தவர். பத்தாவி வரை போய் வந்தவர். வயதாகிக் கோட்டைக்கு மேற்கே குடிசை போட்டிருந்தார். துளசிங்கத்தைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

“இந்த மாதிரி நாலு பேரைப் பார்த்திருக்கேன். இறக்கிடலாம்” என்றார்.

எல்லம்மா அவர் காலில் விழுந்தாள்.

“இரும்மா. சும்மா தரையில இறக்க முடியாது. இங்க தரையில வெச்சா, அங்க அது விழுந்துடும். எழுந்திருக்காது. இன்னொரு முதுகு வேணும்.”

“அவ யாரு அய்யா எனக்கு?” என்றாள் எல்லம்மா. “எங்க பார்த்தேன் நானு அவளை? எங்கூட்டு ஆம்பள நிமிர்ந்து நின்னு எத்தினி வருசம் ஆவுது? தரையில வைய்யி.”

தானியேல் கையை நீட்டியபோது துளசிங்கம் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டான். அதைப் பார்த்ததும் எல்லம்மா அழத் தொடங்கினாள்.

அன்று சந்தை நாள். அவர்களைத் தேடிக்கொண்டு வந்த நீலமேகம் வெளியே பனை நிழலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து மேல்துணியை எடுத்தார்.

“என் முதுகுல வைங்க.”

“வித்தப்போ இந்த முதுகு எங்க போச்சு, பெரியவரே?” என்று கேட்டாள் எல்லம்மா.

அவர் முதுகைத் திருப்பிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். லோகநாயகிக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் இருந்ததையும், அந்த அரிசியில் அவர்கள் பிழைத்துக்கொண்டதையும் அவர் எப்போதோ துளசிங்கத்திடம் சொல்லியிருந்தார். தானியேல் அவர் முதுகெலும்பை மேலிருந்து கீழே விரலால் ஓட்டிப் பார்த்தார். “ரொம்ப நாள் தாங்காது” என்றார்.

“தாங்கற வரைக்கும்.”

ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இருவரையும் முதுகோடு முதுகு நிற்கவைத்து ஈரத்துணியால் சேர்த்துக் கட்டினார் தானியேல். தண்ணீரில் கனம் குறையும் என்பதைத் தவிர அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. துளசிங்கத்தின் கழுத்தருகே, காற்றில் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். “கையெல்லாம் காய்ச்சுப் போயிருக்கு” என்றார் ஒருமுறை. “சுண்டுவிரல் இல்ல” என்றார் இன்னொருமுறை. பிறகு நீலமேகத்தின் முழங்கால் மடங்கித் தலை தண்ணீருக்குள் போய் வந்தது. துளசிங்கம் தக்கைபோல மேலே எழும்பினான்.

நீலமேகம் அனுப்பம்பட்டுக்கு நடந்தே போனார். வழியில் பார்த்தவர்கள், கிழவர் ஒருவர் இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டு, யாரிடமோ பேசிக்கொண்டே, உட்கார்ந்து உட்கார்ந்து போனதாகச் சொன்னார்கள். கைத்தாங்கல் கொடுக்க வந்தவர்களை அவர் விடவில்லை. ஊருக்குள் நுழையும்போது மறுநாள் பொழுது சாய்ந்துவிட்டது.

துளசிங்கத்துக்கு நடக்கத் தெரியாமல் போயிருந்தது. நிமிர்ந்தால் பின்னால் சாய்ந்தான். ஒரு மாதத்தில் பழகிக்கொண்டான். சுமைக்குப் போகாமல் வலை எடுத்தான். மடவை மீன் நன்றாகக் கிடைத்த வருஷம் அது. கூரை மாற்றினார்கள். எல்லம்மா கழுத்தளவுத் தண்ணீரில் குந்துவதை விட்டாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்கிறார்கள். மல்லாந்து படுக்க மட்டும் அவனுக்கு வரவில்லை. சோற்றில் கை வைத்ததும் ஒரு கணம் நிறுத்தி, இடது தோளைப் பார்ப்பான். ஒன்றும் இருக்காது. சாப்பிடுவான்.

ஒன்றரை வருஷம் கழித்து நீலமேகத்தின் மகன் கோபால் வந்தான். நைனா போய்விட்டார், பாடையைத் தூக்க முடியவில்லை என்றான். நாலு பேர் முயன்றார்கள், எட்டுப் பேர் சேர்ந்தபின்தான் அசைந்தது. எட்டுப் பேரும் ஆரணி ஆற்றங்கரையில் கட்டையின்மேல் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நெருப்பு வைத்தால் அக்கா அங்கே என்ன ஆவாள் என்று யாருக்கும் தெரியவில்லை. தானியேல் முந்தின மழைக்காலமே இறந்திருந்தார். வேறு வைத்தியர் எவருக்கும் அந்த வேலை தெரியாது.

துளசிங்கம் வலையைக் கொம்பில் மாட்டினான். வாசலில் இறால் காயப்போட்டுக்கொண்டிருந்த எல்லம்மா நிமிரவில்லை.

“போறியாய்யா?”

“போறேன்.”

அவள் இறாலைப் பரப்பிக்கொண்டே இருந்தாள். அவன் கோபாலோடு நடந்தான்.

ஆற்றங்கரையில் கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. வெட்டியான் கொள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றான். துளசிங்கம் கட்டைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியது. ஒருவர் வேறு ஏதாவது செய்யலாமா என்று மெதுவாகக் கேட்டார். துளசிங்கம் அசையவில்லை. அவளோடு அவன் ஒருநாளும் பேசியதில்லை. “வா தாயி” என்றான், அவ்வளவுதான். வெகுநேரம் கழித்து அவன் கழுத்தில் விரல்கள் வந்து ஒவ்வொன்றாகப் பதிந்தன, ஒன்று குறைவாக. முதுகில் பழைய நெருப்பு இறங்கி இடது காலில் போய் நின்றது. கட்டையின்மேல் கிடந்த நீலமேகத்தின் உடம்பு லேசாகி மேலே எழும்ப, நெருப்பு வைத்தார்கள். சுள்ளிபோல எரிந்துபோனார்.

துளசிங்கம் வீடு வந்து சேர்ந்தபோது கட்டிலைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் பாய் போட்டிருந்தது. அவன் குப்புறப் படுத்துக்கொண்டான். அதன்பின் அவன் பதினோரு மழைக்காலம் இருந்தான் என்றும், அதற்கும் மேல் என்றும் சொல்கிறார்கள். எந்த வைத்தியரிடமும் போகவில்லை.

அவன் வீடு வந்த மறுநாள் காலை, எல்லம்மா கூழைக் கரைத்து அவன் முன்னால் வைத்தாள். பறியை எடுத்துத் துடைத்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“அவ துண்ணாளா?” என்றாள்.

அவன் இடது பக்கம் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான்.

“இப்பத்தான் ஒக்கார்ந்திருக்கா.”

“சரி, நீ துண்ணு” என்று சொல்லிவிட்டு, எல்லம்மா பறியோடு ஏரிக்கு இறங்கினாள்.